விளக்கும் மையும்

கறுப்பைக் கொண்டாட வெளிச்சத்தைக் கூப்பிடலாமா? கேள்வி வார்த்தை விளையாட்டாகப் படக்கூடும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு தார்மீகச் சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நியான் கண்ணாடிக் குழாயை வளைத்துக் கறுப்பினப் பெண்களின் உருவங்களைச் சுவரில் எரியவிடும் கலைவேலைகள் அமெரிக்காவில் இன்று செய்யப்படுகின்றன. நோக்கம் கொண்டாட்டம்தான், அதில் சந்தேகமில்லை. எனினும் ஒளி என்ற சொல்லுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் கௌரவம் பெரும்பாலும் இருளின் செலவில் கொடுத்தது. அறிவு ஒளி, அறியாமை இருள். வீட்டுக்கு விளக்கேற்ற வருகிறவள் மருமகள். பிடிக்காத பெண்ணைப் பார்த்தால் முகத்தில் களையில்லை என்கிறோம். இந்தக் கணக்கில் எவளுடைய தோல் இருளின் பத்தியில் எழுதப்பட்டதோ, அவளை அதே ஒளியால் வரைந்து 'இவள் அழகி' என்று சொல்வது அவளுக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அவளைத் திரும்பவும் பழைய தராசிலேயே ஏற்றுவதா?

இதை நான் வேங்கிக்காலில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் சாலையில், ஏரியும் கலெக்டர் அலுவலகமுமாக இருக்கும் ஊர் இது. மலை இங்கிருந்து தெரியும். கார்த்திகையில் மலைமேல் தீபமும் தெரியும். ஒளியையே தெய்வமாகக் கொண்ட ஊரின் ஓரத்தில் வசிப்பவனுக்கு ஒளியைப் பற்றிச் சந்தேகம் கேட்கும் உரிமை கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் குழாயைப் பற்றி. 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் காற்றைத் திரவமாக்கிப் பிரித்தபோது கிடைத்த வாயு நியான். 'புதியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். 1910-இல் ஜார்ஜ் க்ளாட் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அதைக் குழாயில் அடைத்து எரித்துக் காட்டினார். பிறகு அது கடைத்தெருவின் சொத்தாயிற்று. இன்று நியான் என்ற பெயரில் நம் கடைகளில் எரிவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பட்டைக்குள் எல்.இ.டி. உண்மையான நியான் இன்னும் கைவேலைதான். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, இளகியதும் வளைக்கவேண்டும். வளைவில் குழாய் ஒடுங்கிவிடாமலிருக்க, முனையில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக வாயால் ஊதவேண்டும். இரு முனைகளிலும் மின்முனைகளைப் பொருத்தி, உள்ளேயுள்ள காற்றையும் அழுக்கையும் நீக்கி, கொஞ்சம் வாயுவை நிரப்பி மூடி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைப் பாய்ச்சினால் எரியும். நியான் என்றால் சிவப்புக் கலந்த ஆரஞ்சு. ஆர்கானுடன் துளி பாதரசம் சேர்த்தால் நீலம். மற்ற நிறங்கள் குழாயின் உட்பூச்சிலிருந்தோ கண்ணாடியின் சொந்த நிறத்திலிருந்தோ வருபவை.

இந்த வரிசையில் கறுப்பு கிடையாது. பழுப்பும் கிடையாது. கறுப்பு இல்லாததில் ஆச்சரியமில்லை. பழுப்பு இல்லாததுதான் யோசிக்கவேண்டியது. பழுப்பு என்று தனியே ஓர் ஒளி உலகத்தில் இல்லை. ஆரஞ்சு மங்கலாக இருந்து, அதன் பக்கத்தில் அதைவிடப் பிரகாசமான ஒன்றும் இருந்தால், கண் அந்த ஆரஞ்சைப் பழுப்பு என்று படிக்கிறது. பக்கத்தில் இருப்பதை எடுத்துவிட்டால் பழுப்பும் போய்விடும். ஆகவே பழுப்பு ஓர் ஒப்பீடு. நம் கல்யாண விளம்பரங்களில் 'மாநிறம்' என்று போடுகிறார்களே, அதுவும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெண்ணை மானசீகமாக நிறுத்திவைத்துக்கொண்டு எழுதிய வார்த்தைதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு திருவிழாவுக்காகச் சாலையோரத்தில் மின் அலங்காரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் சீரியல் பல்புகளால் மூன்று ஆள் உயரத்துக்கு அம்மன். மேலே ஏறியிருந்தவர் டீ குடிக்க இறங்கியபோது, காளி என்றால் முகத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நீலம் போடுவோம் சார், இல்லாட்டி பச்சை. கறுப்புக்கு ஏது சார் பல்பு? அணைச்சு வெச்சாத்தான் கறுப்பு" என்றார். அவர் தம் தொழிலின் எல்லையைச் சொன்னார். எனக்கு அது ஒரு வழியாகவும் பட்டது. நியானில் கறுத்த முகத்தை வரைகிறவர் முகத்தை எரியவிட முடியாது. நெற்றியின், மூக்கின், உதட்டின் கோட்டை எரியவிடலாம். கோட்டுக்குள் இருப்பது அந்த அறையின் இருட்டு. அதை அவர் செய்யவில்லை, விட்டுவைத்திருக்கிறார். சாயம் தோலின் மேல் ஏறுகிறது. காமிரா தோலின் மேல் விளக்கைப் பாய்ச்சுகிறது. இந்தக் கோடு மட்டும் தோலைத் தொடாமல் அதன் எல்லையில் நின்றுவிடுகிறது.

அப்படி எல்லையில் நிற்பது போதாது என்று நினைத்தவராகத் தோன்றுகிறார் க்ளென் லைகன். 1960-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 2005-இல் அவர் செய்த 'வார்ம் பிராட் க்ளோ' என்ற நியான் படைப்பில் உருவமே கிடையாது. இரண்டு சொற்கள் மட்டும். அவை கெர்ட்ரூட் ஸ்டைன் 1909-இல் வெளியிட்ட 'த்ரீ லைவ்ஸ்' நூலில், மெலன்க்தா என்ற பெண்ணின் கதையிலிருந்து எடுத்தவை. வெள்ளைக்காரரான ஸ்டைன் அங்கே கறுப்பர்களின் சிரிப்பை வெயிலோடு சேர்த்துப் பேசுகிறார். பாராட்டுப்போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் ரோஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் அந்தச் சிரிப்பு இல்லை என்று சொல்லும் இடத்தில் அந்தத் தொடர் வருகிறது. ஓர் இனத்துக்கே ஒரு சிரிப்பை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, எதிரில் நிற்கும் ஒருத்தியிடம் அது காணோமே என்று குறித்துக்கொள்கிற பார்வை அது. லைகன் அந்த இரண்டு சொற்களையும் நியானில் வளைத்து, குழாய்களின் முன்பக்கத்தில் கறுப்பு வர்ணம் பூசிவிட்டார். எழுத்து கறுப்பாக நிற்கிறது. வெளிச்சம் பின்னால் சுவரில் விழுந்து கசிகிறது. அவர் ஒளியைக் கைவிடவில்லை. அது நிற்கிற இடத்தை மாற்றினார். பார்க்கிறவன் முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒளி, எழுத்துக்குப் பின்னால் போய் ஊழியம் செய்கிறது.

மிக்கலீன் தாமஸ் இதற்கு எதிர்த்திசையில் போகிறவர். 1971-இல் பிறந்த இவர் மினுங்கும் செயற்கைக் கற்களை ஓவியத்தில் பதித்துக் கறுப்பினப் பெண்களை வரைகிறார். புல்வெளியில் கோட்டு அணிந்த ஆண்களுக்கு நடுவே நிர்வாணமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கும் மானேயின் 1863 ஓவியத்தை எடுத்துக்கொண்டு, 2010-இல் அந்த இடத்தில் உடையணிந்த மூன்று கறுப்பினப் பெண்களை உட்காரவைத்தார். அங்கே ஒளி வெட்கமில்லாமல் ஜொலிக்கிறது. லைகனின் அடக்கத்தை மெச்சுகிறவன் இந்த ஜொலிப்பைச் சந்தேகிக்க வேண்டாமா என்றால், நான் சந்தேகிக்கவில்லை. காரணம் நம் பாஷையிலேயே இருக்கிறது. கொண்டாடுவது என்ற சொல்லை நாம் பண்டிகைக்கு மட்டும் சொல்வதில்லை. உறவு கொண்டாடுவது, சொந்தம் கொண்டாடுவது என்றும் சொல்கிறோம். தன்னுடையதாகக் கொண்டு ஆடுவதுதான் கொண்டாட்டம். தாமஸ் தம் தாயையே மாடலாக வைத்து வரைந்தவர். அவர் கொண்டாடுவது உறவு. ஸ்டைனின் தொடரில் பாராட்டு இருக்கிறது, உறவு இல்லை. யார் யாரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று தெரியாதவரை எந்தக் கொண்டாட்டத்தின் தர்மமும் விளங்காது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணையும் நம் கறுத்த பெண்ணையும் ஒன்றாக்கிப் பேசுவது சோம்பேறித்தனம். அங்கே கறுப்பு என்பது அடிமைச் சந்தையும் சட்டமும் சேர்ந்து வகுத்த இனம். அந்தச் சொல்லைப் போராடித் தங்கள் பெயராக்கிக் கொண்டார்கள். இங்கே கறுப்பு எந்த ஜாதிக்கும் தனிச் சொத்து இல்லை. ஒரே வீட்டில் அக்கா கறுப்பு, தங்கை சிவப்பு. ஆனாலும் நிறத்தைப் பார்த்து ஜாதியை ஊகிக்கிற கண் இங்கே உண்டு. வெயிலில் வேலை செய்கிற உடம்பைக் கீழே வைக்கிற கண்ணும் அதுதான். மேலும், இங்கே தீர்ப்பு வெளியிலிருந்து வரக் காத்திருப்பதில்லை. குழந்தை பிறந்த மறுநாளே, தொட்டிலைச் சுற்றி நிற்கும் பெண்களின் வாயாலேயே வந்துவிடுகிறது.

இதில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம். திருமால் கறுப்பு, கண்ணன் கறுப்பு, எல்லையில் நிற்கும் கறுப்பசாமி பெயரிலேயே கறுப்பு. தேவிகள் விஷயத்தில் காளி ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்களை வெளுத்துவிட்டோம். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று பெயர். கறுத்தவள் என்று அர்த்தம். இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் அவளுக்குக் கோயில், கூத்து, தீமிதி. அச்சுப்படத்தில் அவளைக் கறுப்பாகப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கோவில்பட்டியில் காலண்டர் ஓவியங்களின் பெரிய மரபையே உண்டாக்கிய சி. கொண்டையராஜு (1898–1976) இளமையில் சில காலம் இங்கே ரமணாசிரமத்தில் இருந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் தமிழ்நாட்டுப் பூஜையறைகளை நிறைத்தன. அந்த மரபின் லட்சுமியும் சரஸ்வதியும் ரோஜா நிறம். கோயிலுக்குப் போய்க் கருவறையில் கருங்கல்லாக நிற்பவளைக் கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்து ரோஜா நிறத்தவளுக்கு ஊதுபத்தி ஏற்றுகிறோம். இரண்டும் ஒருத்திதான் என்று நம்புவதில் நமக்குச் சிரமம் இருந்ததே இல்லை.

இந்தச் சௌகரியத்தைக் கலைக்க 2017-இன் இறுதியில் சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நீலும் சேர்ந்து 'டார்க் இஸ் டிவைன்' என்ற படவரிசையை வெளியிட்டார்கள். லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை, லவ குசர்களோடு சீதை. எல்லோரும் கறுத்த மாடல்கள். காலண்டரின் இலக்கணத்தை வைத்துக்கொண்டே நிறத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். நமக்குக் கிடைத்தவற்றில், நான் மேலே சொன்ன நியான் வேலைகளுக்கு மிக நெருங்கியது இதுதான். அவசியமான காரியம் என்றே சொல்வேன்; படத்தால் வந்த நோய்க்குப் படமே மருந்தாக வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஓர் உறுத்தல். கறுத்தவளும் தெய்வமாகலாம் என்ற நிரூபணம் யாருக்குத் தேவை? வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் டிபன் டப்பாவோடு நிற்கிற பெண்ணுக்கு லட்சுமியின் சிபாரிசு எதற்கு? தெய்வமாக்கினால்தான் மரியாதை என்றால், தெய்வமாகாதவளுக்கு மரியாதை பாக்கி நிற்கிறது.

நம் பாஷையில் ஒரு காலத்தில் கணக்கு வேறாக இருந்தது. சங்கப் பாடல்களில் மாமை என்பது பெண்ணின் அழகுக்குப் பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்லும் அந்தக் கருமை, தலைவன் பிரிந்தால் போய்விடுகிறது. அதன் இடத்தில் பசலை என்ற வெளிறிய நிறம் படர்கிறது. வெளுப்பது அங்கே நோய். குறுந்தொகையின் 27-ஆவது பாட்டில் வெள்ளிவீதியார் தன் மாமை பசலைக்கு இரையாவதை, யாருக்கும் உதவாமல் மண்ணில் சிந்திப்போகும் பாலுக்கு ஒப்பிடுகிறார். கறுத்த அழகுக்குப் பால் உவமை. வீணாவது என்ற ஒரு பொருத்தம் போதும். பாலின் வெள்ளை குறுக்கே வரவில்லை. இதைவிடச் சுதந்திரமான ஓர் உவமையை நான் சுலபத்தில் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அங்கே யாரும் கறுப்பைக் கொண்டாடவில்லை என்பதுதான் முக்கியம். அது அழகு, அவ்வளவுதான். வாதாட ஆளே தேவைப்படவில்லை. அதே 'மா'தான் இன்று கல்யாண விளம்பரத்தில் மாநிறமாகக் கூனிக் குறுகி நிற்கிறது.

நம் ஊர்ப் புராணம் இன்னொரு இடத்தில் நிற்கிறது. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தால் தமிழில் வழங்கும் கதை. பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள், உலகங்கள் இருண்டன. அதற்குப் பிராயச்சித்தமாகக் காஞ்சியில் தவமிருந்து, பிறகு அண்ணாமலைக்கு வந்து தவமிருந்து, இடப்பாகம் பெற்றாள். கார்த்திகைத் தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்கள் வெளியே வந்து காட்சி கொடுக்க, மலைமேல் தீபம் ஏறுகிறது. இருட்டு ஒரு பெண்ணின் குறும்பால் வந்தது. ஒளி அவளுக்குக் கிடைத்த மன்னிப்பு. வேறு புராணங்களில் இன்னும் வெளிப்படை: சிவன் அவளைக் 'காளி' என்று கேலி செய்ய, தவமிருந்து கருந்தோலை உதிர்த்துக் கௌரியானாள். ஆனால் கதை சொன்னவர்கள் ஒன்றை மறக்கவில்லை. உதிர்ந்த அந்தத் தோல் கௌசிகி என்ற தேவியாக எழுந்து போருக்குப் போயிற்று. வெளுத்தவள் வீட்டில் இருந்தாள். அசுரர்களைக் கொன்றது உதிர்ந்த கறுப்பு.

புராணத்தை விட்டுக் கடைக்கு வந்தால், உதிர்க்கிற வேலை இங்கே குழாயில் அடைத்து விற்கப்படுகிறது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. 2009-இல் சென்னையிலிருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை ஆரம்பித்தது. பிறகு 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டு உலகம் கொதித்த சில வாரங்களில், ஹிந்துஸ்தான் யூனிலீவர் அந்தப் பெயரை மாற்றியது: க்ளோ அண்ட் லவ்லி. வெள்ளையை எடுத்துவிட்டு ஒளிர்வை வைத்தார்கள். லைகனின் நியான் தலைப்பில் இருக்கும் அதே ஆங்கிலச் சொல். வெள்ளை என்று சொல்லக் கூச்சம் வந்தபோது உடனே கைக்குக் கிடைத்தது ஒளி. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே எவ்வளவு கொஞ்சம் தூரம் என்பதை இதைவிட எந்த விமர்சகரும் நிரூபிக்க முடியாது.

என் உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கப் போட்டோ எடுத்தார்கள். இரண்டு பக்கமும் குடைவிளக்கு. பிறகு கம்ப்யூட்டரில் வைத்து இன்னும் கொஞ்சம் வெளுத்தார்கள். இதில் ஸ்டூடியோக்காரரை மட்டும் குறைசொல்வதில் பிரயோஜனமில்லை. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய அளவு அட்டையிலேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. உறவுக்காரப் பெண் தன் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா. யாரு?" என்றாள். பெண் பார்க்க வந்தார்கள். அவள் கூடத்துக்கு வந்து நின்றதும் வந்தவர்களில் ஒரு அம்மாள், "அந்த லைட்டையும் போடுங்களேன்" என்றாள். ட்யூப்லைட்டைப் போட்டார்கள். அந்த வரன் அமையவில்லை. அதைவிட எனக்கு மறக்காமலிருப்பது, விளக்கு மினுக்கி மினுக்கி எரிவதற்குள் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி நேராக அதைப் பார்த்ததுதான்.

'அந்த லைட்டையும் போடுங்களேன்' என்ற குரல் கொண்டாட்டத்துக்குள்ளும் வந்து உட்காரக்கூடும் என்பதுதான் நான் சொல்லவந்தது. கறுத்தவளே, வா, விளக்கடியில் நில், உன்னை அழகி என்று நிரூபிக்கிறேன் என்று சொல்கிற கலை, பெண் பார்க்க வந்த அம்மாளின் தூரத்து உறவு. தீர்ப்பு சாதகமாக மாறியிருக்கிறது, கோர்ட்டு மாறவில்லை. ஆகவே ஆரம்பத்தில் கேட்டதற்கு என் பதில்: வெளிச்சத்தைக் கூப்பிடலாம், ஆனால் அது எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கறுத்தவள் சொல்லவேண்டும். லைகன் அதைப் பின்னால் நிறுத்தினார். தாமஸ் அதைத் தாயின் உடம்பில் நகையாகப் பூட்டினார். இரண்டிலும் ஒளி அவர்களுடைய சொல்லைக் கேட்கிறது.

கறுப்பை ஒளியின் பற்றாக்குறை என்று எண்ணும் பழக்கத்துக்கு எதிராக நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2,668 அடி மலைமேல் கொப்பரையில் 11 நாள் எரியும் தீபத்தின் மையைத் திரட்டிவைத்து, மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். இருளைப் போக்கியதாகச் சொல்லப்படும் தீ, இருளையே கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. நாம் அதை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். அந்த மை, நெய்யும் திரியும் எரிந்தபின் எஞ்சிய சத்து. அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் தம் மனிதர்களைத் தீட்டப் பயன்படுத்துகிற கறுப்புகளில் கரிக் கறுப்பும் ஒன்று. எலும்புக் கரியிலிருந்து வரும் கறுப்பையும் இரும்பிலிருந்து வரும் கறுப்பையும் அதனோடு கலந்து, கறுப்புக்குள்ளேயே பேதங்களை உண்டாக்குகிறார். மையை அறிந்த சமூகத்துக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. குழந்தையின் கன்னத்தில் வைப்பது அது; பெண்ணின் கண்ணில் எழுதுவது அது; இந்தப் பக்கத்தை அச்சடித்திருப்பதும் அதன் உறவு ஒன்றுதான்.

அடுத்த திருவிழாவுக்கும் வேலூர் சாலையில் சட்டம் கட்டுவார்கள். அம்மனின் கோட்டை மட்டும் எரியவிட்டு, முகத்தை அப்படியே இரவுக்கு விட்டுவைக்கலாம் என்று அந்த அலங்காரக்காரரிடம் சொல்லிப்பார்க்கலாம். அவருக்குப் பல்பும் மிச்சம். ஆனால் போகிறவர்கள் வருகிறவர்கள் மேலே பார்த்து, 'முகத்துல பல்பு போயிடுச்சா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எழாத நாள் வரும்வரை கொண்டாட்டங்கள் நடக்கட்டும், வேண்டியதுதான். அவற்றின் நியாயம் அந்தக் கேள்வி இருக்கும்வரைக்கும்தான்.